பழைய குளிர்ப்பெட்டியை என் செய்வது?

ஒரு பொருளை வீட்டுக்கு வாங்கும்போது நாம் படும் பாடு கொஞ்சமன்று. நான்கு கடை ஏறி இறங்குகிறோம்; விலை கேட்கிறோம்; அண்டை வீட்டாரை விசாரிக்கிறோம்; நல்ல நாள் பார்த்துக் கொண்டுவந்து குங்குமப் பொட்டும் வைக்கிறோம். அதே பொருள் பழையதாகி வேண்டாததாகிவிட்டால், அதை வெளியேற்றுவதைப் பற்றி நான்கு நிமிஷங்கூடச் சிந்திப்பதில்லை. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. வைத்துக்கொள்வதற்கு மட்டுமன்று, விட்டுவிடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதே அதன் கருத்துப் போலும். நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய அத்தகைய கணக்கு ஒன்றை இத்திங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அது சிறிய குளிர்ப்பெட்டியைப் பற்றியது. வீட்டில் எல்லாரும் 'பிரிட்ஜ்' என்று சொல்வதையே இங்கே குளிர்ப்பெட்டி என்கிறோம்.

பிற மாநிலங்களுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் கதையில் இந்தச் சிறு பெட்டிக்கு ஓர் இடம் உண்டு. ஊரிலிருந்து வேலை கிடைத்து வரும் இளைஞர், டோம்பிவிலியிலோ கல்யாணிலோ மூவர் நால்வருடன் ஓர் அறையில் குடியேறுகிறார். சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, எல்லாருமாகச் சேர்ந்து 45 அல்லது 50 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்றை வாங்குகிறார்கள். பாலும், அரைத்த தோசை மாவும், முதல் நாள் வைத்த குழம்பும் அதில் குடியேறுகின்றன. பிறகு அவருக்குத் திருமணம் ஆகிறது, தனிக்குடித்தனம் வருகிறது, கூடவே பெரிய பெட்டியும் வருகிறது. சிறியது மூலையில் ஒதுங்கிவிடுகிறது. அல்லது மாற்றல் உத்தரவு வருகிறது. சாமான்களை மூட்டை கட்டும் அவசரத்தில் சிறு பெட்டி மாடிப்படியின் கீழ் நின்றுவிடுகிறது. அதன்பின் அது யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடுகிறது. துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மாடிப்படியின் கீழ் ஓர் ஆபத்து

நாம் வசிக்கும் ரயில்வே குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லுவோம். மாற்றலாகிப் போன குடும்பம் ஒன்று விட்டுச்சென்ற சிறு பெட்டி படிக்கட்டின் அடியில் கிடந்தது. கோடை விடுமுறை. குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பெட்டியின் தட்டுகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு உள்ளே முடங்கி உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய அண்ணன், தங்கை நன்றாக ஒளிந்துகொண்டாள் என்று மகிழ்ந்து கதவையும் சாத்திவிட்டான். வெளியே வைத்த தட்டுகளைக் கண்ட அடுத்த வீட்டு அம்மையார் ஐயுற்றுக் கதவைத் திறந்தார். குழந்தை வியர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டாள். அன்று மாலையே அந்தப் பெட்டியின் கதவு கழற்றப்பட்டது.

குளிர்ப்பெட்டியின் கதவு காற்றுப் புகாதபடி பொருந்துவதற்கென்றே செய்யப்பட்டது. அதுவே அதன் சிறப்பு; கேட்பாரற்றுக் கிடக்கும்போது அதுவே அதன் கொடுமை. முற்காலத்துப் பெட்டிகளில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ் இருந்தது. அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகளுள் அகப்பட்டுக் குழந்தைகள் பலர் இறந்ததால், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு அமையவேண்டும் என்று 1956-இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். இக்காலத்துப் பெட்டிகளில் தாழுக்குப் பதிலாகக் காந்தப் பட்டை வைத்த ரப்பர் விளிம்பு இருக்கிறது. தள்ளினால் திறக்கும்தான். ஆனால் கதவுப் பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தால், அல்லது பெட்டி கதவின்மேல் கவிழ்ந்துவிட்டால், சிறு பிள்ளையின் வலிமை எம்மாத்திரம்? ஆகவே, இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டா: பயன்படுத்தாத பெட்டி ஒரு நாள் வெளியே நிற்பதானாலும் அதன் கதவைக் கழற்றிவிடுங்கள். கழற்ற இயலாவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டி, கதவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

குழந்தைகளுக்கு அடுத்தது கொசு. பல பெட்டிகளின் பின்புறத்தில், உருகிய நீர் வந்து தங்குவதற்கு ஒரு சிறு தட்டு உண்டு. வெளியில் கிடக்கும் பெட்டியில் மழைநீரும் சேரும். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு இத்தகைய தெளிந்த நீரே விருப்பமான இடம். மழைக்காலத்தில் நகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டியையும் பழைய டயரையும் குளிர்ப்பெட்டித் தட்டையும் பார்த்துச் செல்வது இதன்பொருட்டே.

உள்ளே இருப்பது என்ன?

நம் நாட்டில் குளிர்ச்சியை விலைக்கு வாங்கத் தொடங்கியது பனிக்கட்டியிலிருந்து. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டூடர் என்பவர், ஏரியில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவருடைய பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடமே 'ஐஸ் ஹவுஸ்'. 1897-இல் சுவாமி விவேகானந்தர் சில நாட்கள் தங்கியதால் இன்று அவர் பெயரால் விளங்குகிறது. பனிக்கட்டி உருகினால் தண்ணீர். அதனால் யாருக்கும் தீங்கில்லை. இயந்திரக் குளிர்ப்பெட்டி அவ்வாறன்று. அதனுள் ஒரு வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்டியின் அடியில் உள்ள கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. பின்புறக் குழாய்களில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. மெல்லிய குழாய் வழியே உட்சென்று மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. பெட்டி பழுதின்றி இருக்குமளவும் இந்த வாயு வெளியே வருவதில்லை. உடைக்கும் நாளில்தான் வருகிறது.

அந்த வாயு எது என்பது பெட்டியின் வயதைப் பொறுத்தது. தொடக்க காலத்தில் அமோனியாவும் கந்தக வாயுவும் பயன்பட்டன. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் குழுவினர் நச்சும் நெருப்புமில்லாத புதிய வாயு ஒன்றை உண்டாக்கினர். 'ஆர்-12' என்பது அதன் குறியீட்டுப் பெயர். உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால் அது வான்மேல் சென்று, சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓஸோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்டு என்ற இரு அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். 1985-இல் தென்துருவத்தின்மேல் ஓஸோன் மெலிந்திருப்பதும் கண்டறியப்பட்டது. 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மான்ட்ரீல் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. பாரதம் 1992-இல் அதில் சேர்ந்தது. 2010-க்குள் இந்த வகை வாயுக்களின் உற்பத்தி உலகெங்கும் ஏறத்தாழ நின்றுவிட்டது.

உற்பத்தி நின்றதே ஒழிய, பழைய பெட்டிகளின் வயிற்றில் இருப்பது அப்படியே இருக்கிறது. நம் வீடுகளில் பாட்டனார் காலத்துப் பெட்டி ஏதேனும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதில் ஆர்-12 இருக்கக்கூடும். பின்வந்த பெட்டிகளில் 'ஆர்-134ஏ' இடம்பெற்றது. இது ஓஸோனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் பூமியின் வெப்பத்தைக் கூட்டுவதில் கரியமிலவாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமை உடையது. கணக்குப் பார்ப்போம். 100 கிராம் ஆர்-134ஏ வெளியேறினால், 100 கிலோவுக்கும் அதிகமான கரியமிலவாயுவை வெளிவிட்டதற்குச் சமம். ஒரு கையளவு பொருளில் அத்துணைத் தீங்கு அடங்கியிருக்கிறது. இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைப்பதற்கு 2016-இல் கிகாலி நகரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பாரதம் 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது.

இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் 'ஆர்-600ஏ' என்னும் ஐஸோபியூட்டேன் இருக்கிறது. இதனால் ஓஸோனுக்கும் கேடில்லை. வெப்பம் கூட்டுவதும் மிகச் சொற்பம். ஆனால் இது நம் அடுக்களை சிலிண்டரில் உள்ள வாயுவின் உடன்பிறப்பு, தீப்பற்றக்கூடியது. சிறு பெட்டியில் சில பத்து கிராமே இருக்கும். அடைத்த அறையில் குழாயை வெட்டி, அருகில் தீச்சுடரும் இருந்தால், முகமும் கையும் வெந்துபோக அந்த அளவே போதும். பெட்டியின் பின்புறத் தகட்டில் வாயுவின் பெயரும் எடையும் பொறித்திருக்கும். கம்ப்ரஸரின்மேல் மஞ்சள் முக்கோணத்தில் சுடர் வரைந்திருந்தால், எரியும் வாயு என்று பொருள். விற்பதற்கு முன் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நலம்.

குழாயில் உள்ளது மட்டுமன்று. சுவர்களுக்கிடையே குளிர் வெளியேறாமல் இருக்க நிரப்பியுள்ள நுரைப்பஞ்சிலும் வாயு உண்டு. பழைய பெட்டிகளில் குழாயில் இருப்பதைவிட நுரையில் இருப்பதே அதிகம். அந்த நுரையைக் கிழித்து எரித்தால் நச்சுப் புகையும் எழும்.

எல்லாச் சிறு பெட்டிகளும் ஒரே இனம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஓட்டல் அறைகளில் ஓசையில்லாமல் இருக்கும் பெட்டிகள் சிலவற்றில் கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியா கலந்த நீர் இருக்கிறது. அதை உடைத்தால் கண்ணும் மூச்சும் எரியும். காரிலும் மேஜைமேலும் வைக்கும் மிகச் சிறிய பெட்டிகள் சில மின்தகட்டின் உதவியால் குளிர்பவை; அவற்றில் வாயுவே இல்லை. அவற்றை அனுப்புவது எளிது. ஆயினும் குப்பையில் எறிவதற்குரியவை அல்ல.

வேண்டாததுதானா?

நிற்க. பெட்டியை அனுப்புவதற்கு முன் அது உண்மையில் கெட்டுவிட்டதா என்று பார்த்தல் வேண்டும். குளிரவில்லை என்று ஒதுக்கப்படும் பெட்டிகளில் பலவற்றுக்குக் கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்திருப்பதே குறை. ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் விளிம்பை மாற்றினால் போதும். தெர்மோஸ்டாட் பழுதும், கம்ப்ரஸரைத் தொடங்கிவைக்கும் ரிலேயின் பழுதும் பெருஞ்செலவு வைப்பவை அல்ல. குழாய் ஓட்டையாகி வாயு போய்விட்டதாக மெக்கானிக் சொன்னால் மட்டுமே யோசிக்கவேண்டும்.

மின்சாரக் கணக்கையும் பார்க்கலாம். பெரிய பெட்டியோடு சிறிய பெட்டியும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்து, நாளொன்றுக்கு அரை யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைக் குளிர்விக்க இவ்வளவு தேவையா? மண்பானை அதைச் செலவின்றிச் செய்யும்.

நன்றாக ஓடும் பெட்டி நமக்கு வேண்டாததாயினும் மற்றொருவருக்கு உயிர்க்காவல் ஆகலாம். இங்கே நாம் கற்பனை கூறவில்லை. நம் பகுதியில் ஒற்றை அறையில் வாழும் முதியவர் ஒருவர் நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். திறவாத இன்சுலின் புட்டி 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்கவேண்டும். அவர் அதை ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைத்துக் காலம் தள்ளிவந்தார். நண்பர் ஒருவர் இடமாற்றலில் சென்றபோது தம் சிறு பெட்டியை விற்காமல் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "தம்பி, மருந்துக்குப் போட்ட காசு வீணாகுமோ என்கிற பயம் விட்டது" என்று அம்முதியவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. (இன்சுலினை மேலே உள்ள பனிக்கட்டி அறையில் மட்டும் வைக்கலாகாது, உறைந்தால் கெட்டுவிடும்.) புதிதாக ஊரிலிருந்து வந்திருக்கும் இளைஞர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் ஆகியோருள் எவருக்கேனும் அது பயன்படுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது குறை ஏதும் இருந்தால் மறையாமல் சொல்லிவிடவேண்டும். ஓடாத பெட்டியைத் தானம் கொடுப்பது, தூக்கிச் செல்லும் கூலியை ஏழையின் தலையில் கட்டுவதாகும்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

ரயில்வே குமாஸ்தாவாகிய நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. "ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போய்விட்டால் என்ன?" என்கிறார்கள். பயணிகள் பெட்டிக்குள் கொண்டுசெல்லும் பெட்டிப் பேழைகளுக்கு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம் என்று அளவு வகுத்திருக்கிறது. எவ்வளவு சிறிய கம்ப்ரஸர் பெட்டியானாலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் 25-க்குள் அடங்காது. ஆகவே அதைப் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து பிரேக் வண்டியில்தான் அனுப்பவேண்டும். மரச்சட்டம் அடித்துக் கட்டும் கூலி, இரு பக்கத்து ஆட்டோ, சுமைகூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். பழைய பெட்டியின் விலையைவிடச் செலவு மிகுந்துவிட்டால், கொண்டுபோவதில் பொருளில்லை. கொண்டுபோவதே என்று முடிவு செய்தால் நிமிர்த்திய நிலையிலேயே அனுப்பவேண்டும். படுக்கவைக்க நேர்ந்துவிட்டால், போய்ச் சேர்ந்தபின் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துப் பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும். கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் தன்னிடத்துக்குத் திரும்புவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

சட்டம் கூறுவது

இனி, முற்றிலும் பழுதான பெட்டிக்கு வருவோம். குளிர்ப்பெட்டி சட்டப்படி 'மின்னணுக் கழிவு' என்னும் வகையைச் சேர்ந்தது. 2022 நவம்பரில் வெளியாகி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், பழைய சாதனங்களை முறைப்படி மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை அவற்றை உற்பத்தி செய்த நிறுவனங்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 60, அடுத்த ஈராண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80 என்று இலக்கும் வகுத்திருக்கின்றன. ஆண்டொன்றில் ஆயிரம் சாதனங்களேனும் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் தங்கள் கழிவைப் பதிவுபெற்றோரிடமே ஒப்படைக்கவேண்டும். நம்மைப் போன்ற குடும்பத்தார்மேல் அவ்வளவு கட்டு இல்லை. ஆனால் குடும்பத்தார் ஒப்படைத்தால்தானே நிறுவனத்தார் மறுசுழற்சி செய்ய இயலும்? கதவு அவர்கள் பக்கம் திறந்திருக்கிறது. பெட்டியைக் கொண்டு செல்லவேண்டியவர்கள் நாம்.

வழிகள் மூன்று. முதலாவது, பெட்டியைச் செய்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் தொலைபேசிக்குப் பேசி, பழைய பெட்டியை எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று கேட்பது. மாடல் எண்ணையும் வாங்கிய ஆண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இரண்டாவது, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் நேரே கொடுப்பது. அவர்களுடைய பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், மாநில வாரியங்களும் தத்தம் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. ஒரே ஒரு சிறு பெட்டிக்காக வண்டி அனுப்ப அவர்கள் தயங்கலாம். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து, பழைய மிக்ஸி, மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றையும் திரட்டி ஒரே நாளில் கொடுப்பதாகச் சொன்னால் வருவார்கள். மூன்றாவது, தீபாவளியை ஒட்டியும் குடிபாடுவாவை ஒட்டியும் கடைக்காரர்கள் அறிவிக்கும் மாற்றுத் திட்டம். பழையதைக் கொடுத்துப் புதியதில் விலை குறைத்துக்கொள்ளலாம். இதில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "இந்தப் பழைய பெட்டி எங்கே போகிறது?" பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு என்று சொல்லி ரசீதில் எழுதிக்கொடுத்தால் நன்று. விழித்தால், அது சந்தைக்குத்தான் போகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

பங்கார்வாலாவும் நாமும்

நம் ஊரில் காயலான் கடைக்காரர், மும்பையில் பங்கார்வாலா, தில்லியில் கபாடிவாலா. பெயர் வேறு, தொழில் ஒன்று. வீட்டு வாசலுக்கே வந்து காசும் கொடுத்து எடுத்துப்போகிறவரை விட்டு வேறு வழி தேடுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். அவரை நாம் இழிவாகச் சொல்ல வரவில்லை. நாட்டின் பழைய பொருள்களில் பெரும்பகுதி வீணாகாமல் மீண்டும் பயன்படுவது அவர் உழைப்பினால்தான். தாராவியில் இத்தொழிலில் நம்மவரும் இருக்கிறார்கள். கேள்வி அவருடைய நேர்மையைப் பற்றியதன்று. அவருடைய கருவியைப் பற்றியது. வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை. சம்மட்டியும் உளியும் இருக்கின்றன.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினோம். கம்ப்ரஸர் எங்கே போகும், செம்புக் குழாய் எங்கே போகும், அலுமினியம் எந்த உலைக்குப் போகும் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். வாயு என்னவாகும் என்று கேட்டோம். சிரித்தார். "காத்துப் போனா எடை குறையாது, அண்ணாச்சி. செம்புக்குத்தானே காசு" என்றார். நோக்கினால், சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. எதற்கு விலை உண்டோ அதைத்தான் சந்தை பத்திரப்படுத்தும். வாயுவுக்கு விலையில்லை, ஆகவே அது காற்றில் போகிறது. நுரைக்கு விலையில்லை, ஆகவே அது சாக்கடையிலோ நெருப்பிலோ போகிறது. அவரிடம் வேலை செய்யும் பையன்கள் கையுறையும் இல்லாமல் குழாயை வெட்டுகிறார்கள். "புதுப் பெட்டியிலே சில சமயம் குப்பென்று பிடிக்கும்" என்று அவர்களுள் ஒருவன் புருவம் கருகிய நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னான். அவனுக்கு வயது பதினெட்டு இருந்தால் அதிகம். நாம் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் பெட்டியின் மீதி விலையை அவன் கொடுக்கிறான்.

அருகில் வேறு வழியே இல்லாத ஊரில் இருப்போர் இவரிடம் கொடுக்க நேர்ந்தால், வீட்டு வாசலிலேயே உடைக்க விடாதீர்கள். முழுப் பெட்டியாகவே எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். தகட்டில் சுடர்க் குறி இருந்தால் அதைக் காட்டி எச்சரியுங்கள். ஓடும் நிலையில் உள்ள பெட்டியானால், பழுதுபார்த்து விற்பவரிடம் கொடுப்பது உடைப்பவரிடம் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இரவோடு இரவாகத் தண்டவாளத்து ஓரத்திலோ நாலாவிலோ தள்ளிவிடுவது. நாம் வேலை பார்க்கும் இருப்புப் பாதையின் இரு மருங்கிலும் இதைக் கண்டு வருந்தாத நாளில்லை. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மும்பை மூழ்கியதை மறந்திருக்கமாட்டோம். அத்துணை மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பது மெய்யே. ஆனால் சாதாரண மழைக்கே சயான், குர்லா பகுதிகளில் வண்டிகள் நிற்பதற்கு, வடிகாலை அடைத்துக்கொண்டு கிடக்கும் மெத்தையும் நாற்காலியும் உடைந்த பெட்டிகளும் ஒரு காரணம். அந்த வண்டியில் நனைந்து நிற்பவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். தெருவிலும் வடிகாலிலும் கழிவை எறிவது தண்டனைக்குரிய செயல் என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

யாருக்குக் கொடுத்தாலும் பெட்டியைத் தூய்மையாகக் கொடுப்பதே பண்பு. முதல் நாளே மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுங்கள். அடியில் பழந்துணிகளை விரித்தால் உருகும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டுக் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ பனிக்கட்டியைக் குத்திப் பெயர்க்கவேண்டா. பனி அறையின் மெல்லிய தகட்டுக்குள்தான் வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் நல்ல பெட்டியும் பாழாகிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஆப்பச்சோடாவைக் கரைத்துத் துடைத்தால் வாடை போய்விடும். பின்புறத் தட்டின் நீரைக் கொட்டி உலர்த்துங்கள். தட்டுகளைத் தனியே காகிதத்தில் சுற்றுங்கள். நன்றாக உலர்ந்தபின் கொடுக்கவேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சிறு பெட்டியானாலும் இருவராகத் தூக்குங்கள். பின்புறக் குழாயைப் பிடித்துத் தூக்கலாகாது. மறுசுழற்சிக்குக் கொடுத்தால் ரசீது பெற்று, அதில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

ரயில்வேயில் ஒரு நாற்காலி உடைந்தாலும் அதைக் கண்டம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. பதிவேட்டில் எழுதவேண்டும்; அதிகாரி பார்த்துக் கையொப்பமிடவேண்டும்; பிறகு பண்டசாலைக்குப் போய் ஏலத்தில் சேரவேண்டும். பழைய தண்டவாளத் துண்டுகூடக் கணக்கில்லாமல் வெளியே போவதில்லை. இந்த முறையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் பொருள் எங்கே போயிற்று என்று கேட்டால் விடை சொல்ல ஒரு தாள் இருக்கிறது. வீட்டிலும் அவ்வளவு தாள் வேண்டியதில்லை; அந்த எண்ணம் மட்டும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்ய இயலாததைச் சங்கம் எளிதில் செய்யலாம். நம் அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கத்தை 'வேண்டும் - வேண்டாம்' என்று ஒதுக்கினால், கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரையொருவர் காண்பர். ஆண்டுக்கு இருமுறை, பொங்கலுக்கு முன் போகி வருமுன்பும், மழைக்காலத்துக்கு முன்பும், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரை வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திரட்டலாம். பழையன கழித்தல் நம் மரபிலேயே உள்ளது. கழிப்பதை நெருப்பிலிடாமல் முறைப்படி ஒப்படைப்பது இக்காலத்துப் போகி என்று கொள்ளலாம். முதியோரின் வீட்டுப் பெட்டியைத் தூக்கிவர இளைஞர் நால்வர் முன்வந்தால் வேலை பாதி முடிந்தது. செயற்குழு அன்பர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

அதுவரை, வாசக அன்பர்கள் ஒவ்வொருவரும் இன்று மாலை தங்கள் கட்டடத்து மாடிப்படியின் கீழும் மொட்டைமாடியிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கதவோடு கூடிய பெட்டி ஏதேனும் அங்கே கிடந்தால், அது யாருடையது என்று விசாரிப்பது பிறகு இருக்கட்டும். கதவை முதலில் கழற்றுங்கள்.